கடலேறப் போன ஒஸ்டின்

கல்முனைக்குடியிலிருந்து நாகூருக்குப் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ரயிலில் தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ரயிலேறி நாகூர் தர்காவில் ஸியாரம் செய்து, ஒரு குப்பி அத்தரும் இரண்டு கைலியும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஊரில் யாரும் அவர்களைப் பெரிதாகக் கவனித்ததில்லை. ஆகவே எழுபத்தொன்பதாம் ஆண்டு, சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு, ஊரில் பெரிய வயற்காரரான மீராமுகைதீன் போடியார் தாம் காரோடு இந்தியா போகப்போவதாக அறிவித்தார்.

அறிவித்த இடம், ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் செருப்புத் தேடும் இடம். போடியார் யோசித்துத் தேர்ந்த இடம்தான். செருப்பு அகப்படும்வரை யாரும் ஓட முடியாது.

“நம்மட ஒஸ்டினோடதான் போறன். நாகூர், அஜ்மீர், மறுகா காஷ்மீர். அல்லாஹ் நாடினா அங்கால ஈரானும் பாப்பம்.”

ஈரானில் அந்த வருடம் மன்னரையே ஊரைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அதைப் போடியாருக்கு யாரும் நினைவூட்டவில்லை.

அந்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் வீட்டில் ஒரு பிள்ளையைப்போல வளர்ந்தது. வெயில் படக்கூடாது, உப்புக்காற்றுப் படக்கூடாது என்று அதற்கு மரக்கால் நட்டுத் தகரம் அடித்துக் கராஜ் கட்டியிருந்தார். கட்டிய இடம் அவருடைய வளவு அல்ல; வளவுக்குப் பக்கத்தில் ஊரார் நடந்துபோன ஒழுங்கை. அந்த ஒழுங்கையின் கடைசி வீட்டில் சபூறா இருந்தாள். புருஷன் மவுத்தான பிறகு இடியப்பம் அவித்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவள். ஒழுங்கையால் வந்தால் நாலு எட்டில் பெரிய தெரு. கராஜ் வந்தபின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் இறங்கி, பள்ளிக்கூட மதிலைச் சுற்றி வரவேண்டும். வந்து சேர இடியப்பம் ஆறிவிடும். ஆறிய இடியப்பத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். சபூறா பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர்மாரிடம் முறையிட்டாள். விசாரிப்பதாகச் சொன்னார்கள். விசாரிக்கும் சபைக்குத் தலைவர் போடியார். விசாரணை மூன்றாம் வருடத்தில் நடந்துகொண்டிருந்தது.

பயணத் திட்டம் போடியார் வீட்டு முன் விறாந்தையில் தயாரானது. ஒரு பள்ளிக்கூட அட்லஸ், போடியாரின் விரல், மச்சினன் அபுல் ஹஸன், சாரதி நேசராசா. அபுல் ஹஸன் முன்பு ஒருமுறை கப்பலில் போனவன். போகும் வழியெல்லாம் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தவன்தான் என்றாலும், அந்த வீட்டில் கடலைப்பற்றி அவன் சொன்னதுதான் சட்டம்.

“கார எப்பிடிக் கப்பல்ல ஏத்துற?” என்று போடியார் கேட்டார்.

“பளுதூக்கி இரிக்கி மச்சான். வலையில போட்டு அந்தரத்தில தூக்கி எடுக்கும்.”

போடியார் கண்ணை மூடி அதை ஒருமுறை பார்த்தார். “தூக்கக்குள்ள நான் உள்ளுக்க இரிக்கலாமா?”

“என்னத்துக்கு?”

“கீழ நிக்கிற சனத்துக்குக் கையக் காட்டத்தான்.”

நேசராசா இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். “அப்ப ஸ்டியரிங்க ஆர் பிடிக்கிற, போடியார்? நான் அந்தரத்தில தொங்காம, காசு குடுத்து ரிக்கற் எடுத்தே வாறன்.”

“காருக்கு ஒரு கடதாசி எடுக்கணுமாம் மச்சான்” என்றான் அபுல் ஹஸன். “கொழும்பில, பிணை வெச்சு. அது இல்லாட்டி ஏத்த மாட்டாங்களாம்.”

“கடதாசி கிடதாசி எல்லாம் என்னைத் தெரியாதவனுக்கு. என்ட முகத்தப் பாத்தா விட்டிருவாங்க.”

திட்டத்தின் அந்தப் பகுதி அத்துடன் முடிந்தது. போடியாரின் விரல் நாகூரிலிருந்து அஜ்மீருக்கு ஒரே இழுவையில் போனது. வழியில் எங்கும் எண்ணெய் அடிக்க நிற்கவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார்கள். ‘அறிஞ்சும் அறியாமலும் செஞ்ச பிழையப் பொருந்திக்கங்க’ என்று மன்னிப்புக் கேட்பார்கள். போகிறவர் திரும்பாமலும் போகலாம் என்பதால் ஊரும் பொருந்திக்கொண்டு விருந்து கொடுக்கும். நாகூருக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் செய்வதில்லை. போடியார் செய்தார். காரிலேயே போய்ச் செய்தார். இரண்டு வாசலுக்கு அப்பாலுள்ள வீட்டுக்கும் ஒஸ்டின் போய் நின்று ஹோர்ன் அடித்தது. இறங்கி, நெஞ்சில் கைவைத்து, பொருத்தம் கேட்டு, புரியாணி தின்று, அடுத்த வீட்டுக்கு ஏறினார். கொஞ்ச நாளில் ஊரில் பாதி அவரைப் பொருந்தியிருந்தது. அவருடைய சேர்ட்டுத்தான் அவரோடு பொருந்தவில்லை.

ஒருநாள் பகல் மனைவி முனவ்வறா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்: “சபூறாட்டப் போனீங்களா?”

“வேலிக்கு மேலால சொல்லிட்டன்.”

“அவ என்ன சொன்ன?”

“அந்த நேரம் அவ வீட்டில இல்ல.”

முனவ்வறா பெட்டியை மூடினாள். “இஞ்ச பாருங்க. நாகூருக்குப் போறவங்களெல்லாம் சும்மா போறாங்க. நீங்கதான் ஊரெல்லாம் பொருத்தம் கேட்டுத் திரியிறீங்க. எல்லாரிட்டயும் கேட்டுட்டு, கேக்கவேண்டிய ஒருத்திய விட்டுட்டு, நான் அந்தக் கப்பல்ல கால் வெக்க மாட்டன். நடுக்கடல்ல அவட நெஞ்செரிச்சல் புடிச்சா என்ன செய்யிற? எனக்கு நீந்தத் தெரியா.”

சாரதியும் வாசலிலிருந்து, “எங்கட கோயில்லயும் அப்பிடித்தான் சொல்ற, போடியார்” என்றான்.

போடியார் புறப்பட்டார். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. சபூறா வீட்டுக்குக் காரில் போகமுடியாது. கார்தான் வழியை மறித்து நின்றது. நடந்தே மணலில் இறங்கி, மதிலைச் சுற்றிப் போனார். பூப்போட்ட சப்பாத்து நிறைய மணல். போய்ச் சேர்ந்தபோது நெஞ்சில் கைவைக்கத் தனியாக முயற்சி தேவைப்படவில்லை. மூச்சுக்காக ஏற்கனவே அங்கேதான் வைத்திருந்தார்.

சபூறா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு ஒப்புவித்தார்: “அறிஞ்சும் அறியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொருந்திக்க புள்ள.”

“அறியாமச் செஞ்சதெல்லாம் பொருந்திட்டன் போடியார்.”

“அறிஞ்சு செஞ்சது?”

“அது ஒண்டுதானே. தகரம் அடிச்சு நிக்கிது.”

போடியார் மணலைத் தட்டினார். “இந்தியாவால வந்த உடன அதுக்கு ஒரு முடிவு செய்வம்.”

“ஓம். நீங்க வந்த உடன நானும் பொருந்துறன்.”

“ஒனக்கு நல்ல சேலயொண்டு கொண்டு வாறன், புள்ள.”

“சேல என்னத்துக்கு? சுத்தி நடந்து அலம்பல் வேலி முள்ளில கிழிக்கயா?”

திரும்பிவந்த வழியும் அதே தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்தில் போடியாருக்கு ஒரு தந்திரம் உதித்தது. கார் இந்தியாவில் நிற்கும்போது கராஜ் எதற்கு? இப்போது கழற்றுவது, வந்தபின் அடிப்பது. கழற்றுவதையும் சும்மா கழற்றக்கூடாது.

தகரமும் மரக்காலும் கழன்றன. வெள்ளிக்கிழமை அசர்த் தொழுகைக்குப் பிறகு ஒழுங்கையின் வாயில் சிவப்பு றிபன் கட்டப்பட்டது. ஒலிபெருக்கி வந்தது. போடியார் தம் சொந்தக் காணியைப் பொதுமக்களுக்கு ஈந்ததுபோல் ஒரு பேச்சுப் பேசி றிபனை வெட்டினார். மேலே பலகை: ‘மீராமுகைதீன் போடியார் ஒழுங்கை. பொதுமக்களுக்கு அன்பளிப்பு.’ முதல் ஆளாகச் சபூறா பெட்டியோடு நடந்து வந்தாள். றிபன் துண்டைத் தாண்டி நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: “பொருந்திட்டன் போடியார். பயணம் ஹைராக முடியட்டும்.”

மாலை போட்ட ஒஸ்டின் மறுநாள் புறப்பட்டது. மட்டக்களப்பு, பொலன்னறுவை, மதவாச்சி என்று ஓடி, மன்னார்ப் பாலத்தையும் கடந்து இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பல் நின்றது. போடியார் காருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் காட்டும் ஆயத்தத்தில் கண்ணாடியை இறக்கினார். உத்தியோகத்தர் குனிந்து போடியாரின் முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு காரின் கடதாசியைக் கேட்டார்.

“ஆக்கள் போகலாம்” என்றார் கடைசியில். “கார் போக ஏலாது.”

“கார விட்டுட்டு நான் எப்பிடிப் போற?”

“அப்ப நீங்க நில்லுங்க” என்றாள் முனவ்வறா. “நான் தம்பியோட போய் ஸியாரம் செஞ்சிட்டு வாறன். போறண்டு நிய்யத்து வெச்சுட்டன்.”

அவள் பெட்டியை எடுத்தாள். அபுல் ஹஸன் கப்பலைப் பார்க்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். மேல்தட்டிலிருந்து முனவ்வறா கையைக் காட்டினாள். போடியார் கீழே நின்ற சனத்தோடு சனமாக நின்றார்.

மாலை வாடிய ஒஸ்டின் ஊர் திரும்பியபோது தேநீர்க்கடையில் நேசராசாவை மறித்துக் கேட்டார்கள்.

“கார் இந்தியாவப் பாத்துதா?”

“பாத்தது. கரையில நிண்டு, அந்தப் பக்கமாத்தான் பாத்துக்கொண்டு நிண்டது.”

காருக்கு இப்போது இடமில்லை. தெருவோரம் வேம்பின் கீழ் நின்றது. காகங்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டன. மூன்றாம் நாள் போடியார் தச்சனோடு ஒழுங்கைக்கு வந்தார். தச்சன் முதல் மரக்காலை நடப் போன இடத்துக்கு நேர்மேலே பலகை தொங்கியது. போடியார் அண்ணாந்து தம் பெயரை வாசித்தார். பலகையைக் கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. பலகை இருக்கக் காலை நடவும் வழியில்லை. அந்த நேரம் சபூறா பெட்டியோடு வந்தாள். இடியப்பத்திலிருந்து ஆவி பறந்தது.

“பயணம்தான் நடக்கல்லியே, புள்ள” என்றார் போடியார் மெதுவாக. “அந்தப் பொருத்தம் இனி எனக்குத் தேவையில்ல.”

“அப்ப அத நான் திரும்ப எடுக்கவா, போடியார்?”

“எடு.”

“எடுக்கலாம். முனவ்வறா ராத்தா இன்னும் அங்கால கரையில. அவ கப்பலேறித்தான் திரும்பி வரணும். யோசிச்சுச் சொல்லுங்க.”

தச்சன் மரக்காலைத் தோளிலிருந்து இறக்கி மதிலில் சாத்தினான். போடியார் யோசித்தார். கடலை யோசித்தார், நீந்தத் தெரியாதவளை யோசித்தார், திரும்பி வந்தபின் அவள் வாயை யோசித்தார்.

“வெச்சிரு” என்றார்.

“ஓம்” என்று சபூறா நடந்தாள். தெருவுக்கு வந்ததும் கழுத்து உளைந்தது போலும். பெட்டியை இறக்கி ஒஸ்டினின் பொனற்றில் வைத்து, சும்மாட்டைச் சரிசெய்தாள். சுமை இறக்க அது நல்ல உயரமாகத்தான் இருந்தது.