பூட்டிய கதவிடம் சொன்னது

திருமூர்த்திக்கு ஒரு பைத்தியக்காரப் பழக்கம். காலையில் அபார்ட்மெண்டைப் பூட்டிவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்பான். உள்ளே யார் இருக்கிறார்கள்? ஒரு ரைஸ் குக்கர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பொள்ளாச்சியை விட்டு சான் ஹோசே வந்து மூன்று வருஷம். சொல்லாமல் படியிறங்கினால் அவனுக்கு என்னவோபோல் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் பதில் வந்தது. "இத்தராஷை!"

தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. பக்கத்து வீட்டு ஜப்பானிய அம்மாள், மிஸஸ் ஹயாஷி, பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க பாஷை தெரியாட்டி என்ன, கிளம்பும்போது வீட்டைப் பார்த்து வேற என்ன சொல்லுவாங்க?" என்று ஆங்கிலத்தில் சிரித்தார். "எங்கள்லயும் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுதான் கிளம்பணும். வீட்ல இருக்கறவங்க, போயிட்டு வான்னு பதில் சொல்லணும். அதைத்தான் சொன்னேன்."

அட, நம்ம ஊர் மாதிரியே! அன்றிலிருந்து தினமும் அவன் சொல்ல, அவர் பதில் சொல்ல என்று ஆயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிய வாயைத் திங்கட்கிழமை ஆபீசில்தான் திறக்கிற ஆள் அவன். அந்த ஒரு சொல்லுக்காகச் சனிக்கிழமையும் பால் வாங்கக் கிளம்பினான். ஃபிரிட்ஜில் பால் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரீன் டீ கொடுத்து உட்காரவைத்து, மிஸஸ் ஹயாஷி தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். இதே ஊரில் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த வாத்தியார். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டதே, அன்று சாயங்காலம் அமெரிக்க அரசாங்க ஆட்கள் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். செருப்பு மாட்டக்கூட விடவில்லை, பாவிகள். வீட்டைத் திரும்பிப் பார்த்துப் போயிட்டு வர்றேன் என்று சொல்ல வாயெடுத்தார், காருக்குள் தள்ளிவிட்டார்கள். ஒன்பது வயது மகள் பதிலை வாயில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிறகு, ஜப்பானியர் என்பதற்காகவே, குடும்பத்தையே முள்வேலி முகாமில் அடைத்தார்கள். அப்பா வேறொரு முகாமில் இறந்துவிட்டதாகக் கடிதம்தான் வந்தது.

2001 ஏப்ரலில் திருமூர்த்திக்கு வேலை போயிற்று. வேலை போனால் விசாவும் போச்சு.

"டேய் திரு, எல்லா இடத்துலயும் கேட்டாச்சு. ஒருத்தனும் ஸ்பான்சர் பண்ண மாட்டேங்கறான். டிக்கெட் புக் பண்ணிடு" என்றான் நண்பன் சபரிநாதன்.

ஊருக்குப் போவதுகூடப் பெரிதில்லை. அந்த அம்மாளிடம் என்ன சொல்வது? திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் "போயிட்டு வரேன்" என்று சொல்லி, அவரை மறுபடியும் வாசலில் நிற்கவைப்பதா? அவனுக்கு மனசு வரவில்லை. விடிவதற்குள் சத்தமில்லாமல் போய்விட முடிவு செய்தான்.

ஐந்தரை மணிக்குப் பெட்டியோடு வெளியே வந்தான். மிஸஸ் ஹயாஷி கம்பளி போர்த்திக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாளா பெட்டி உருட்டறே. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

திருட்டு முழி முழித்தான். "நான் திரும்பி வரமாட்டேன், மிஸஸ் ஹயாஷி. விசா போயிடுச்சு. வராம இருக்கப்போறவன் அதை எப்படிச் சொல்றது?"

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வந்தா என்ன, வராட்டி என்ன! எங்கப்பா வரலைங்கறதை எப்பவோ பொறுத்துக்கிட்டேன். அவருக்குச் சொல்லவேண்டிய பதில்தான் அறுபது வருஷமா தொண்டையிலயே நிக்குது. நீயும் அப்படி விட்டுட்டுப் போகாதே. சொல்லு!"

கீழே சபரிநாதன் ஹாரன் அடித்தான். திருமூர்த்தி கதவுக்கு முதுகைக் காட்டி, முதல் முறையாக அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"போயிட்டு வரேன்."

"இத்தராஷை" என்றார் அவர், நிதானமாக.

கார் நகர்ந்ததும் சபரிநாதன் கேட்டான். "யாருடா அந்த லேடி, இந்நேரத்துல?"

"எங்க வீட்ல இருக்கறவங்கடா" என்றான் திருமூர்த்தி. ஏர்போர்ட் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தான்.