அரைப் புறா

இந்தக் காலத்தில் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்? கணக்கு என்றால் வாய்ப்பாட்டைத் தொண்டை வறள ஒப்பிக்க வேண்டும், தப்பினால் முட்டி போட வேண்டும். இப்போது புதிராம், கட்டமாம். கணக்கு வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறதுகள். கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது?

பள்ளிக்கூட வாசலில் பதினொரு வருடமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் போவோர் வருவோரிடமெல்லாம் இப்படித்தான் பொருமுவார். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி அங்கேதான் ஐந்தாம் வகுப்பு படித்தாள். வெளியே நடக்கும் புதிர்ப் போட்டிக்கு மூன்று பேர் போக வேண்டும். இரண்டு பேர் தேர்வாகிவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்குப் பேத்தியும் மருந்துக்கடைக்காரர் மகளும் மோதினார்கள். ஆளுக்கொரு எண் புதிர் கொண்டுவர வேண்டும், வீட்டுப் பெரியவர்களைக் கேட்கலாம், ஆனால் விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். பேத்திக்குத் தூக்கத்திலும் அதே பேச்சு.

"தாத்தா, ஒண்ணே ஒண்ணு சொல்லேன்."

"அஞ்சாம் வாய்ப்பாட்டோட என் படிப்பு முடிஞ்சுதுடி."

"அதுலேருந்தே சொல்லு."

கிழவர் மோவாயைச் சொறிந்தார். "கூண்டுல நாலஞ்சு புறா. பாதி பறந்துபோச்சு. மிச்சம் எத்தனை?"

"நாலஞ்சுன்னா?"

"நாலஞ்சு இருபது! மிச்சம் பத்து. எழுதிக்கோ."

அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் சாக்பீஸ் பெட்டி கொடுக்கப் போனவர், பேத்தி எழுந்து நின்று புதிரைப் படிப்பதைப் பார்த்து வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நாலா, அஞ்சா? ஒண்ணு சொல்லு!" என்றான் ஒருவன்.

"விடை பத்து" என்றாள் அவள்.

"நாலஞ்சு புறாவுல பாதி பத்தா? நடுவுல முட்டை போட்டுச்சா?"

"அஞ்சுன்னா ரெண்டரை மிஞ்சும்டா! அரைப் புறா எப்படிப் பறக்கும்?"

வகுப்பே மேசையைத் தட்டியது. பேத்திக்குக் காது சிவந்துவிட்டது. "தாத்தாதான் சொன்னாரு, டீச்சர். நாலஞ்சு இருபதுன்னு."

டீச்சர் வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பெரியவரே, நாலு தடவை அஞ்சுங்கிற அர்த்தத்துலதானே சொன்னீங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இடம் இவளுக்குத்தான்."

சிரித்துக்கொண்டே கேட்பவர்களைக் கிழவர் ஜென்மத்தில் நம்பியதில்லை. பெரியவர்களைக் கேட்கலாம் என்றதெல்லாம் வாய்ப்பேச்சு. ஆமாம் என்ற மறுநொடியே வீட்டில் எழுதிக் கொடுத்தது என்று பிள்ளையைத் தூக்கி எறிவார்கள். அவருக்கா தெரியாது?

"நானா? நான் ஒரு புதிரும் சொல்லலைம்மா. அதுவா எதையோ கிறுக்கிட்டு வந்திருக்கு."

டீச்சர் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. "தப்பாப் போட்டா பரவாயில்லை. அதுக்காகத் தாத்தா மேல பொய் சொல்லுவியா?" என்று பேத்தியைக் கேட்டுவிட்டு, கரும்பலகையில் மருந்துக்கடைக்காரர் மகள் பெயரை எழுதினார். பேத்தி நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தாள்.

மணி அடித்ததும் வாசலுக்கு ஓடிவந்தாள். "ஏன் தாத்தா அப்படிச் சொன்னே?"

"உன்னைக் காப்பாத்தத்தாண்டி. அந்தம்மா தூண்டில் போட்டுச்சு, நான் மாட்டலை."

"இன்னும் பேரு அனுப்பலையாம். இப்பவே வந்து சொல்லு தாத்தா. உன் கால்ல விழறேன்."

"இப்பப் போய்ச் சொன்னா நான் பொய்க்காரன் ஆயிடுவேன். எனக்கு வேலை போயிடும்."

"இப்ப நான்தானே பொய்க்காரி?"

"நீ சின்னப் புள்ள. மறந்துடுவாங்க."

"அரைப் புறா!" என்று படியிலிருந்து நாலு குரல்கள் கத்தின. அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். விரல் விரலாகப் பிரித்துவிட்டார். அந்த டீச்சர் சிரித்த முகத்தோடு கேட்டாளே, அதில் சூது இல்லாமலா இருக்கும் என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பார்க்காமல், பின்பக்கக் கேட்டைப் பூட்ட நடந்தார்.