அழுத்தாமல் விட்ட தந்தி

மூன்று வருஷமாகப் பேசாத தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் வந்து குதித்தான். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. நாற்பது விநாடி கிளாரினெட் வாசிப்பு, அதன் கீழே ஒரே வரி: "அக்கா, இது ஹங்கேரியன் மைனர் ஸ்கேல். உன் யூகலேலேல இதுக்கு கார்ட் போட முடியுமா?"

முடியுமாவாம்! கழுதை. பல் துலக்காமலே யூகலேலேயை, அந்த நாலு தந்திக் குட்டி கிட்டாரை, எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் குடும்பமே அப்படித்தான். யார் எதை வாசித்தாலும் பக்கத்து அறையிலிருந்து "தப்பு!" என்று ஒரு குரல் வரும். அதுதான் எங்கள் வீட்டுக் கொஞ்சல். வரவில்லையென்றால் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். தம்பிக்குக் கல்யாணமான புதிதில் அவன் மனைவி சாப்பாட்டு மேஜையில் ஒரு பாட்டுப் பாடினாள். "மூணாவது வரியில சுருதி இறங்குதும்மா" என்றேன், ஆசையாகத்தான். அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். பின்னாலேயே அவனும் போனான். அதோடு பேச்சு நின்றது. அவள் எங்கள் வீட்டில் வளரவில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அந்த ஸ்கேலில் ஏழு சுரம்: ஏ, பி, சி, டி ஷார்ப், ஈ, எஃப், ஜி ஷார்ப். இரண்டு இடத்தில் படி தாண்டிக் குதிக்கும். கார்ட் கட்டுவது சுலபம்தான். ஒரு சுரத்தை எடு, ஒன்றை விடு, அடுத்ததை எடு, ஒன்றை விடு, இன்னொன்றை எடு. மூன்றையும் சேர்த்து மீட்டினால் ஒரு கார்ட்; ஏழு சுரத்துக்கும் ஏழு. முதலாவது சாதாரண ஏ மைனர். இரண்டாவதற்கு நாலு விரலும் வேண்டும், என் சுண்டுவிரல் இரண்டு நாள் அழுதது. நாலாவதற்கு என்ன பேர் வைப்பதென்றே தெரியவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை யூகலேலேயின் நாலாவது தந்தி. அதைச் சும்மா விட்டால் வெறும் ஜி பேசும். இந்த ஸ்கேலில் அதற்கு இடமில்லை. அதனால் ஏழு கார்டிலும் அந்தத் தந்தியை எங்காவது அழுத்தியே ஆகவேண்டும்.

ஒரு வாரம் கடை விட்டதும் நேரே வீடு. ஃபோனை டம்ளருக்குள் நிறுத்தி அவன் வாசிப்பைச் சத்தமாக ஓடவிட்டு, கூடவே நான் வாசித்தேன். அந்த நாற்பது விநாடியும் வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். முடிந்ததும் பழையபடி நான் மட்டும். உடனே திரும்பவும் ஓடவிடுவேன். எத்தனை தடவை என்று சொன்னால் வெட்கக்கேடு.

சனிக்கிழமை எல்லாம் கச்சிதமாக வந்தது. அப்போதுதான் பயம் பிடித்தது. கச்சிதமாக அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவான். தப்பு இருந்தால்? இவனுக்குத் தப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பத்து வயதில் காய்ச்சலோடு படுக்கையிலிருந்து எழுந்து வந்து என் விரலை நகர்த்தி வைத்தவன். அதனால் மூன்றாவது கார்டில் வேண்டுமென்றே நாலாவது தந்தியை அழுத்தாமல் விட்டேன். இருட்டாக ஒலிக்கவேண்டிய கார்ட், எழவு வீட்டில் சிரித்தது மாதிரி ஆனது. அப்படியே பதிவு செய்து அனுப்பினேன். எப்படியும் கூப்பிடுவான், "தப்பு!" என்று கத்துவான் என்று ஃபோனைச் சமையலறைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. "ரொம்ப நன்றி அக்கா. ரொம்ப அழகா இருக்கு." கூடவே ஒரு கும்பிடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே கூப்பிட்டேன்.

"மூணாவது கார்டைக் கேட்டியாடா?"

"கேட்டேன்க்கா. நல்லா இருந்துச்சு."

"நாலாவது தந்தி தொறந்து கெடக்கு! காது அடைச்சுப் போச்சா உனக்கு?"



"தெரியும்க்கா. மொதல் தடவையே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏண்டா சொல்லல?"

"எதுக்கு? உன் மனசு கஷ்டப்படும். நாங்க இப்பல்லாம் யாரையும் அப்படிச் சொல்றதில்லக்கா. அன்னிக்கு அவ அழுதது எனக்கு இன்னும் மறக்கல."

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்று தொண்டை வரை வந்தது. இந்தப் பாழாய்ப்போன வாய் வேறு எதையோ சொன்னது.

"சரி, திருத்தி வாசிச்சு அனுப்பறேன்."

"பரவால்லக்கா, நீ சிரமப்படாத. இதுவே போதும். உடம்பைப் பார்த்துக்கோ."

நன்றாகத்தான் பேசினான். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் நானும் இப்படித்தான் பேசுவேன். கோபக்காரனாக இருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்யலாம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனிடம் நான் என்ன சொல்லிச் சண்டையை ஆரம்பிப்பது?