சீட்டுக்கு விட்ட கை

நாகம்மைக்குச் சோத்தாங்கை விழுந்து எட்டு நாளாயிற்று. தாழக்குடியில் அந்தக் கையை அறியாதவர் கிடையாது. கல்யாண வீடுகளில் அவியலுக்கு உப்புப் போட அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். முற்றம் தெளிக்கப் போனவள் வாளியோடு சரிந்தாள். வலது பக்கம் கையும் காலும் துவண்டுவிட்டன. வாதம் நாக்கை மட்டும் தொடவில்லை. தொட வந்திருந்தால் அதற்கும் நாலு வசவு கிடைத்திருக்கும்.

மருமகள் செல்லத்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டு போனால், “நான் என்ன கைப்பிள்ளையா ஊட்டுததுக்கு? வையி அங்கன” என்பாள். இடது கையால் சாப்பிடலாமே என்று மகன் முத்துநாயகம் ஒரு தடவை வாயைத் திறந்தான்.

“ஏலே, கால் கழுவுத கையால சோறு திங்கவா உன்னயப் பெத்தேன்?”

அவன் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கஞ்சித்தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு உள்ளே போனது. எண்ணெய் தடவ வந்த வைத்தியர் பகவதியப்பன், வெளியே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சோறு எறங்கல்லன்னா எண்ணெ எங்க பிடிக்கும்? இன்னும் நாலு நாளு இப்பிடிப் போச்சுன்னா என்னய விளிக்காதிய.”

மாமியின் வசவு கேட்காத ஓர் அடுக்களையைச் செல்லத்தாயால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாமிக்கு மாற்றுச்சேலை எடுக்க மரப்பெட்டியைத் திறந்தாள். சேலைக்கு அடியில் துணியில் முடிந்து கிடந்தது சீட்டுக்கட்டு. ஓரங்கள் எல்லாம் மழுங்கி, தொட்டால் பழந்துணி போல இருந்தது. அதைக் கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், கொல்லம் ஆயிரத்து நூற்றிரண்டாம் ஆண்டு ஓணம். அவளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பிறவியிலேயே இடது கைக்காரி அவள். அம்மா அகப்பைக் காம்பால் அடித்து அடித்து எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றியிருந்தாள். சோறு, விளக்கு, கோலம், அரிவாள்மணை எல்லாமே மாறின. ஆனால் பழக்கிய கை பழக்கிய கைதானே. எதிலும் வேகம் வரவில்லை. தேங்காய் துருவி முடிப்பதற்குள் குழம்பு கொதித்து அடங்கிவிடும். “நமக்கு வாய்ச்சது மந்தமாக்கும்” என்று நாகம்மை ஊர்முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஓணம் கழிந்ததும் பிறந்த வீட்டில் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம் என்றும் பேச்சு அடிபட்டது. அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை.

ஓணச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம். ஒரு பக்கம் நாகம்மையும் முத்துநாயகமும், எதிர்ப்பக்கம் நாகம்மையின் மகளும் மருமகனும். தோற்றவர் காதில் குணுக்கு ஏறும். குணுக்கு என்றால் பலாவிலைச் சுருள். கொஞ்ச நேரத்துக்குள் நாகம்மையின் பாம்படத்துக்குப் பக்கத்தில் இரண்டு சுருள் தொங்கின. முத்துநாயகம் ஊஞ்சல் பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டான்.

“ஏட்டி மந்தம், சீட்டு தெரியுமா? வந்து இரி” என்றாள் நாகம்மை.

செல்லத்தாய்க்குத் தெரியும். அண்ணன் கோலப்பனுக்கு அம்மை போட்டுத் தனியறையில் கிடந்தபோது, வாசற்படிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஆட்டம். அங்கே யாரும் அகப்பையோடு எட்டிப்பார்க்கவில்லை. அதனால் சீட்டுக்கு மட்டும் அவளுக்கு வலது கை பழக்கப்படவே இல்லை.

கட்டு கைக்கு வந்ததும் எந்தக் கை என்பதை மறந்துபோனாள். கலைத்தாள். சரசரவென்று நாலு பேர் முன்னாலும் நந்நாலு சீட்டு, அடுக்கி வைத்த மாதிரி விழுந்தன. மூன்று மாதமாக அந்த வீட்டில் அவள் செய்த ஒரே வேகமான வேலை அதுதான்.

“அம்மா, பீச்சாங்கை” என்றாள் நாத்தனார்.

செல்லத்தாய் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். பிறந்த வீட்டுக்குப் போகிற பாதை கண்முன் வந்தது. நாகம்மை தன் முன்னால் கிடந்த சீட்டைப் பார்த்தாள், தொடவில்லை.

“எடுக்கல்லன்னா ஆட்டம் எங்களுக்கு. மூணாவது குணுக்கு” என்று மருமகன் பலாவிலையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நாகம்மைக்குத் தோற்கப் பிடிக்காது. விறுக்கென்று சீட்டை எடுத்து விரித்தாள். இதயம் போட்ட ஆட்டின் இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும். இந்த ஆட்டத்தில் அவற்றுக்கு மேலே சீட்டு கிடையாது. எத்தனை புள்ளி எடுப்போம் என்கிற கேள்வியை இருபதுக்கு ஏற்றினாள், ஜெயித்தாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு குணுக்கும் இடம் மாறி மகள் காதிலும் மருமகன் காதிலும் ஆடின. எழுந்திருக்கும்போது மருமகளிடம் தீர்ப்புச் சொன்னாள்:

“சோத்துக்கும் வெளக்குக்கும் சோத்தாங்கை. சீட்டுக்கு உனக்கு எந்தக் கை வாகோ அந்தக் கை.”

மந்தம் என்ற பேச்சு அன்றோடு நின்றது. பிறகு பன்னிரண்டு ஓணத்துக்கும் செல்லத்தாய்தான் மாமிக்குக் கூட்டு. அந்த வீட்டில் இடது கைக்கு வருசத்தில் ஒருநாள் விடுதலை. அந்த ஒருநாளுக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டோடு மாமியின் கட்டிலுக்கு வந்தாள்.

“கழுதைச் சீட்டு ஆடுவமா மாமி?”

“ஓணமா இப்பம்?” என்றாள் நாகம்மை. ஆனால் கண் கட்டின் மேல்தான் இருந்தது.

கலைத்து, கட்டை மாமியின் மடியில் வைத்தாள் செல்லத்தாய். “நீங்க போடுங்க.”

நாகம்மை மருமகளை முறைத்தாள். பிறகு இடது கையை மெல்லத் தூக்கி முதல் சீட்டை எடுத்து வீசினாள். அது பக்கத்தில் இருந்த கிண்டிச் செம்பின் தண்ணீரில் போய் விழுந்தது. அடுத்தது கட்டிலுக்கு அடியில்.

“வீசாதிய. பெருவிரலால லேசாத் தள்ளுங்க” என்று செல்லத்தாய் காட்டிக்கொடுத்தாள்.

மூன்றாவது ஆட்டத்தில் சீட்டுகள் கட்டிலில் விரித்த பாயில் நேராக விழுந்தன. நாலாவது ஆட்டத்தில் நாகம்மை ஒரு சீட்டை முந்தானையில் ஒளித்து ஜெயித்தாள். செல்லத்தாய் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

அடுக்களைக்குப் போய் இரண்டு இலையோடு வந்தாள். மாமிக்கு முன்னால் ஒன்று, தனக்கு ஒன்று. சோற்றை வலது கையாலேயே விளம்பி, தீயல் குழம்பை ஊற்றினாள். பிறகு எதிரே உட்கார்ந்து, இடது கையைச் சோற்றில் வைத்தாள். அவள் அப்படிச் சாப்பிட்டு இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது.

“என்னட்டி செய்யுத?” என்றாள் நாகம்மை.

“சீட்டுக்கு விட்ட கைதானே. ஆட்டம் இன்னும் முடியல்லல்லா மாமி.”

செல்லத்தாய் இரண்டாவது உருண்டையையும் வாயில் போட்டாள். நாகம்மை, விழுந்துபோன தன் கையைப் பார்த்தாள், மருமகளின் கையைப் பார்த்தாள், தெருவாசலைப் பார்த்தாள்.

“போய்க் கதவைச் சாத்து” என்றாள்.

செல்லத்தாய் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்தபோது மாமியின் இலையில் ஒரு பக்கம் சோறு குறைந்திருந்தது.