சிங்கப்பூர் ஆட்டத்துக்கு மண்டபத்தைத் திறப்பது பற்றி

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்று வாசகர்களைக் கேட்டிருந்தது: “அண்டை நாட்டுக் காற்பந்துக் குழுவின் ஆட்டங்களை நம் நாட்டுத் தொலைக்காட்சி காட்டலாமா?” ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. சிறந்த கட்டுரைக்குப் பரிசு. சிங்கப்பூர் மறுபடியும் மலேசியக் கிண்ணத்துக்கு ஆட வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

நான் “கூடாது” என்று எழுதத் தொடங்கினேன். கொள்கை ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கத்துக்கு வாக்கியங்கள் சீக்கிரம் வந்தன.

நம் மக்களின் பணத்தில் இயங்கும் தொலைக்காட்சி, நம்மை விட்டுப் பிரிந்து போன ஒரு நாட்டின்

(இங்கே நின்றுவிட்டது. வேலை முடிந்து காலையில் சுங்கை சோவிலிருந்து திரும்பும் ஃபேக்டரி பஸ்ஸில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் கங்கா அக்கா. பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறார். தஞ்சோங் காராங் போகும் வழியில் உள்ள ரப்பர்த் தோட்டத்தில் குடியிருப்பவர். தூங்குகிறார் என்று நினைத்தேன். தாளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.)

“இதுக்கா பரிசு குடுக்குறாங்க? எங்க தோட்டத்துல இதுக்கு மீட்டிங்கே போட்டாங்க லா.”

“காட்டணும்னா, கூடாதுன்னா?”

“கூடாதுன்னு. ஒரு சின்னப் பயலத் தவிர ஒருத்தன்கூட மாத்திப் பேசல. அப்படி ஒரு நாட்டுப்பற்று.” அக்கா சிரித்தார். பிறகு சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “பந்தப் பத்தி இல்ல தம்பி. கலாவப் பத்தி.”

கட்டுரை அந்த இடத்தோடு முடிந்தது. கதை புக்கிட் ரோத்தானில் நான் இறங்குவதற்குள் தொடங்கிவிட்டது.

2

முதல் தொடக்கம்: கலாவதி அழகானவள்.

மறுநாள் படித்துக் காட்டினேன். “அழகுன்னு உனக்கு யாரு சொன்னா?” என்றார் அக்கா. “விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னா உடனே அழகாயிடணுமா? சாதாரணமா இருப்பா. கொஞ்சம் உயரம். மருந்தடிக்கிற வேலை, கையெல்லாம் வெடிச்சுப் போயிருக்கும்.”

அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: கலாவதி கொஞ்சம் உயரம். தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலை. கணவன் வாசு தோட்டக் குழுவுக்கு வலது பக்க ஆட்டக்காரன். எழுபத்தாறில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். பட்டறைக் குழுவுக்கு ஆடினான். முதலில் தீபாவளிக்கு வந்தான். பிறகு தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியனுப்பினான். பிறகு அதுவும் இல்லை. அங்கே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். கலாவதி நம்பவில்லை, அல்லது நம்பியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எண்பத்தொன்றில் ஒருநாள் தோட்ட மண்டபத்தில் மலேசியக் கிண்ண ஆட்டம் ஓடுகிறது. தோட்டத்துக்கு இருப்பது அந்த ஒரு டிவிதான். பெண்கள் பாயில், ஆண்கள் பெஞ்சில். சிங்கப்பூர்ச் சட்டையில் ஒருவன் மூலையில் பந்தை வைத்துவிட்டு நிமிர்கிறான். “டேய், நம்ம வாசுடா!” என்று மண்டபமே கத்தியது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்காமல் அந்தச் சட்டை கிடைக்காது. அது எல்லோருக்கும் தெரியும். கத்திய வாய் மூடுவதற்குள் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பிக் கலாவதியைப் பார்த்தது.

அவள் வாய் நிறையக் கச்சான் கடலை இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்படியே எழுந்து போனாள். அதன் பிறகு மண்டபத்துக்கு வரவேயில்லை. வாரம் ஒரு தமிழ்ப்படம் போடுவார்கள், அதற்கும் இல்லை.

அவள் மாமனார் சன்னாசியும் வருவதை நிறுத்திவிட்டார்.

(சன்னாசியைப் பற்றி: மனைவி இறந்து வெகுகாலம். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். இரண்டு மாடு வைத்திருக்கிறார். பத்தாங் காலியில் இருக்கும் மகள் கூப்பிட்டாள், போகவில்லை. கலாவதியை அவள் அண்ணன் கூப்பிட்டான், அவளும் போகவில்லை. மகன் இல்லாத வீட்டில் மாமனாரும் மருமகளும் ஏன் சேர்ந்து இருக்கிறார்கள் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.)

எண்பத்திரண்டிலிருந்து மூன்று வருடம் சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தில் ஆடவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் காரணங்கள் எழுதியிருந்தார்கள். அந்த லயத்து வீட்டில் அது மூன்று வருட அமைதி.

3

எண்பத்தைந்தில் சிங்கப்பூர் திரும்பி வந்தது. சிலாங்கூரோடு ஆட்டம். அரசாங்கத் தொலைக்காட்சி நேரடியாகக் காட்டப் போகிறது.

டிவி பெட்டியின் சாவி மன்றச் செயலாளர் அப்பளசாமியிடம். அவர் கூட்டம் போட்டார்.

“நம்ம லைசென்ஸ் காசுல ஓடற டிவி. அதுல பக்கத்து நாட்டுக்காரன் எதுக்கு ஓடணும்? அவன் டிவியில அவன் ஓடட்டும்!”

கைதட்டினார்கள்.

“பிரிஞ்சு போனவன் போனவன்தான்,” என்றார் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முருகையா. “இப்ப வந்து கதவத் தட்டுனா தொறந்துடணுமா?” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இருமினார். “நான் நாட்டச் சொன்னேன்.”

“நாட்டத்தான், நாட்டத்தான்,” என்றார்கள்.

இளவட்டம் ஒருவன் மட்டும் எழுந்தான். “அண்ணே, எதிர்ல ஆடறது சிலாங்கூர் லா. நம்ம டீமப் பாக்க வேணாமா?”

“ரேடியோவுல கேளு. காது இருக்குல்ல?”

கடைசியில் சன்னாசி பேசினார். அவர் சொன்னதுதான் அன்றைக்கு எல்லாவற்றிலும் கடுமை. “தொறக்கக் கூடாது. பாக்கறதுக்கு அதுல என்னா இருக்கு.” சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இந்தப் பகுதியை முதலில் எழுதியபோது அப்பளசாமியை முட்டாளாக எழுதியிருந்தேன். வீரவசனம் பேசும் சின்னத் தலைவர், வேடிக்கைக்கு உதவுவார் என்று. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவரு முட்டாளு இல்ல தம்பி. எந்த நாட்டுக்காரன் ஓடுனாலும் அவருக்கு ஒண்ணுதான். கலா பேரு மீட்டிங்ல வரக்கூடாது. அவ மனசு நோவும்னு சொன்னா அவ பேரச் சொன்ன மாதிரி ஆயிடும்ல? அதுக்குத்தான் அந்தக் கத்து கத்துனாரு. எல்லாருக்கும் தெரியும்.”

என் அரைப்பக்கக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். அப்பளசாமி சொன்ன அதே வாக்கியங்கள்தான். அவருக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. எனக்குப் பரிசு வேண்டியிருந்தது.

4

ஆட்டத்தன்று மண்டபம் பூட்டியிருந்தது. மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு சன்னாசி சாயங்காலமே சைக்கிளை எடுத்தார். தஞ்சோங் காராங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்து டீ சொன்னார். கடை நிறைய சிலாங்கூர் ரசிகர்கள், முக்கால்வாசிப் பேர் வயல்காரர்கள். டிவி தெரியும் தூரத்தில்தான் இருந்தது.

(மண்டபத்தைப் பூட்டிய அப்பளசாமியும் ஆட்டம் பார்க்க அதே கடைக்கு வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவரும் பார்க்கவில்லை. இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு வசதியாக வைத்திருக்கமாட்டேன்.)

சிங்கப்பூரின் வலது பக்க ஆட்டக்காரனைக் கடையே திட்டியது. சன்னாசியும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு யாரோ வாசுவின் காலை வாரிவிட்டார்கள். அவன் புரண்டு விழுந்தான். கடை ஆரவாரம் செய்தது. சன்னாசி எழுந்து நின்றுவிட்டார். கடை முழுக்க உட்கார்ந்திருக்க அவர் ஒருவர் மட்டும். எழுந்ததற்கு ஏதாவது காரணம் வேண்டுமே, இன்னொரு டீ சொன்னார். முதல் டீ அப்படியே ஆடை கட்டி இருந்தது.

அப்பளசாமி தன் மனைவியிடம் சொன்னார். மறுநாள் காலையில் அது கலாவதிக்கு வந்துவிட்டது.

“மாமா, புண்ணாக்கு கெடச்சிச்சா?”

“கடைய சாத்திட்டான்.”

“சாப்பாட்டுக் கடை தொறந்திருந்துச்சாமே.”

சன்னாசி மாட்டுக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஊரான் கடையில குந்திக்கிட்டு சொந்தப் புள்ளையத் திட்டுனீங்களாம்.”

“நான் திட்டல. அவனுங்க திட்டுனானுங்க. நான் தலையத்தான் ஆட்டுனேன்.”

“தலைய ஆட்டறதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? இருட்டுல கால்வா ஓரமா மெதிச்சுக்கிட்டு வந்தீங்களே, உள்ள விழுந்திருந்தா? நம்ம ஹால்ல ஆட்டுனா தலை ஆடாதா?”

“அங்க நீ வரமாட்ட.”

“நான் வரலன்னா உங்களுக்குக் கண்ணு தெரியாதா?”

“நீ இல்லாம,” என்றார் சன்னாசி, “நான் மட்டும் போயி அவனப் பாத்தா, உன்ன விட்டுட்டு அவன் பக்கம் போன மாதிரி ஆயிடும்.”

(இந்தப் பேச்சு எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு: கங்கா அக்காவின் வீடு அடுத்த கதவு. நடுவில் பலகைச் சுவர். லயத்தில் குடியிருந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.)

இதற்கு அடுத்து நான் எழுதிய வரி: அதைக் கேட்டதும் கலாவதியின் நெஞ்சுக்குள்

அவள் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மருந்தடிக்கும் தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அது தெரியும்.

5

இரண்டாவது ஆட்டம் வந்தது. மறுபடியும் சிலாங்கூரும் சிங்கப்பூரும். கலாவதி அப்பளசாமி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“அண்ணே, சனிக்கிழமை ஹாலத் தொறங்க. மாமாவுக்குப் பாக்கணும்.”

“தொறக்கலாம்மா. ஆனா பாரு, கொள்கைன்னு ஒண்ணு…”

“கொள்கைய ஞாயித்துக்கிழமை வச்சுக்குங்க. ஆட்டம் சனிக்கிழமை.”

அப்பளசாமி தலையைச் சொறிந்தார். “நீ?”

“நானும்தான் வர்றேன். நான் வந்தாத்தான் அவரு வருவாரு.”

மறுபடியும் கூட்டம். அப்பளசாமி எழுந்து நின்று, போன மாதம் சொன்னதற்கு நேர் எதிராக, அதே குரலில் முழங்கினார்: “பக்கத்து நாட்டுக்காரன் எப்படி ஆடறான்னு பாத்தாத்தானே நம்ம ஆளு ஜெயிக்க முடியும்? அரசாங்கமே காட்டுது. தடுக்க நாம யாரு?”

“போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களே,” என்றான் அந்த இளவட்டம்.

முருகையா அவன் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். தீர்மானம் நிறைவேறியது.

பத்திரிகைக்கு நான் அனுப்பியிருக்க வேண்டிய கட்டுரை இவ்வளவுதான்: காட்டலாம், சன்னாசிக்குப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நிரம்பாது. அனுப்பவில்லை.

6

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன்.

(அ) வாசு கோல் அடிக்கிறான். மண்டபம் உறைகிறது. முதலில் சன்னாசி கைதட்டுகிறார், பிறகு கலாவதி, பிறகு எல்லோரும். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால் கிழித்தேன்.

(ஆ) வாசு களத்தில் இறங்கவேயில்லை. மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து நகம் கடிக்கிறான். கலாவதிக்குச் சிரிப்பு வருகிறது. இது என் வன்மம், அவளுடையது அல்ல.

(இ) ஆட்டம் தொடங்கியதும் ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது. எழுத வராதபோது மின்சாரத்தைத் துண்டிப்பது சோம்பேறித்தனம்.

நடந்ததை அக்கா இப்படிச் சொன்னார்.

கலாவதியும் சன்னாசியும் கொஞ்சம் தாமதித்து வந்தார்கள். கதவை ஒட்டிய பின்பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தார்கள். ஆட்டம் ஓடியது. வாசுவின் முகம் பெரிதாகத் திரையில் வந்தது. முன்வரிசையில் யாரோ “வா” என்று தொடங்கி, அத்தோடு விழுங்கிக்கொண்டான்.

யாரும் திரும்பவில்லை.

முன்கூட்டி யாரும் பேசி வைக்கவில்லை என்று அக்கா சத்தியம் செய்கிறார். மடியில் இருந்த குழந்தை ஒன்று பின்னால் எட்டிப் பார்த்தது. தாய் அதன் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் திரைப் பக்கம் திருப்பிவிட்டாள். இடைவேளை வந்தது. வழக்கமாக ஆண்கள் எல்லோரும் சிகரெட்டுக்கு வெளியே போவார்கள். கதவு பின்னால் இருக்கிறது. வெளியே போவதென்றால் திரும்ப வேண்டும். ஒருவரும் எழவில்லை. பற்பசை விளம்பரத்தையும் பால்மாவு விளம்பரத்தையும் மண்டபமே கண் கொட்டாமல் பார்த்தது. முருகையாவுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

“எத்தன கோலு அக்கா? யாரு ஜெயிச்சா?”

“யாருக்குத் தெரியும்? கழுத்து வலிச்சது ஞாபகம் இருக்கு.”

7

ஒன்று மட்டும் மிச்சம். மகன் விழுந்து எழுந்து ஓடுவதைத் தன் தோட்டத்து மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்த சன்னாசியின் முகம் எப்படி இருந்தது? பக்கத்தில் கலாவதியின் முகம்? அழுதாளா, வெறித்தாளா, மாமனார் காதில் ஏதாவது சொன்னாளா? அது இல்லாமல் கதை எப்படி முடியும் என்று அக்காவைக் கேட்டேன்.

“நாங்கதான் திரும்பலன்னு சொன்னேன்ல,” என்றார். “பாக்காதத நான் எப்படிச் சொல்றது?”

எழுதுகிறவனுக்கு அந்தத் தடை இல்லை. சுவருக்குள் நுழையலாம், பின்பெஞ்சுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரலாம், அவள் கண்ணிமையைக்கூட எண்ணலாம். மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதி. ஒவ்வொரு வரியும் எண்பத்தொன்றில் திரும்பிய தலைகளோடு இன்னொரு தலை போலவே இருந்தது.

எனவே முன்வரிசைப் பெஞ்சில் முருகையாவை நகரச் சொல்லி உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. பின்னால் பெஞ்சு லேசாகக் கிறீச்சிடுகிறது. உங்களை நான் தடுக்க முடியாது. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நீங்கள் திரும்பிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டாம்.

வலது பக்கம் ஒருவன் பந்தோடு ஓடி வருகிறான். நான் அவனைத்தான் பார்க்கிறேன்.