ஒரு கையெழுத்து

கண் மருத்துவமனையின் மூன்றாம் எண் ஜன்னலில் இருந்தவர் படிவத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, தகப்பனார் கையெழுத்து எங்கே என்று கேட்டார். வெளியூர் போயிருக்கிறாரா, தவறிவிட்டாரா என்றும் கேட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று அவள் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

"அப்ப கோர்ட்ல ஒரு ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா. இல்லன்னா இறப்புச் சான்றிதழ். ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் ஆபரேஷனுக்குத் தேதி போட முடியும். விதி அப்படி."

மகளுக்கு அப்போது ஐந்து வயது. இடது கண்ணில் புரை. குழந்தைக்கும் புரை வரும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. சீக்கிரம் எடுத்தால் பிழைத்தோம், தள்ளிப்போட்டால் அந்தக் கண் பார்க்கவே பழகாமல் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கணவன் பெயின்டர். புதுக் கட்டடத்தில் சுவர் தேய்க்கும் வேலை என்று சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனவன் அங்கே போய்ச் சேரவே இல்லை என்றார் மேஸ்திரி. காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். இறந்ததாகக் கருத ஏழு வருடம் போக வேண்டும்.

கோர்ட் உத்தரவு கைக்கு வரப் பதினாறு மாதம் ஆயிற்று. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. சில வாரம் கழித்து, நல்ல கண்ணை மூடிவிட்டு டாக்டரம்மா இரண்டு விரலைக் காட்டினார். மகள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு அம்மா இருப்பாள் என்று நினைத்த பக்கம் தலையைத் திருப்பி, "நீயே சொல்லும்மா" என்றாள். அம்மா நின்றது மறுபக்கம்.

அரசு அலுவலகம் ஒன்றில் அவள் லிஃப்ட் இயக்குபவள். கம்பிக் கதவை இழுத்துச் சாத்திப் பித்தளைக் கைப்பிடியைத் திருப்ப வேண்டிய பழைய லிஃப்ட். எல்லோருக்கும் அவள் 'லிஃப்டம்மா'. பத்து வருடமாக யார் யாரையோ ஏற்றி இறக்கியிருக்கிறாள். அவர்கள் மேலே என்ன செய்கிறார்கள் என்று யோசித்ததில்லை. மகளின் கண்கட்டு அவிழ்த்த பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை, சுகாதாரத் துறை இணைச் செயலாளர் தனியாக ஏறினார். இரண்டாம் மாடி தாண்டும்போது அவள் கேட்டாள்.

"சார், புள்ளைங்க ஆபரேஷனுக்கு அப்பா கையெழுத்தும் வேணும்னு யாரு சார் எழுதி வச்சது?"

அவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாங்கதாம்மா" என்றார்.

நாலாம் மாடியில் அவர் இறங்கிப் போன பின்னும் அவள் கதவைச் சாத்தவில்லை. விதி விதி என்று எல்லோரும் சொன்னபோதெல்லாம் தலையில் எழுதியதைத்தான் சொல்கிறார்கள் என்று அவள் உள்ளுக்குள் எடுத்துக்கொண்டிருந்தாள். அதை நாலாம் மாடியில், டீ குடித்துக்கொண்டு, தினமும் தன் லிஃப்டில் வருகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அன்று முதல் அவரிடம் தன் வழக்கைத் தவணை முறையில் சொன்னாள். நாலு மாடிக்கு முக்கால் நிமிடம். நேற்று விட்ட இடத்தில் இன்று தொடங்குவாள். தாங்க முடியாமல் அவர் ஒரு வாரம் மாடிப்படியில் ஏறிப் பார்த்தார். முழங்கால் அவரைத் திருப்பி அனுப்பியது. கடைசியில், எழுத்தில் கொடுங்கள் என்றார். தனக்கு மட்டும் எழுதினால் ஒரு அம்மாவின் புலம்பலாகப் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. மருத்துவமனைத் தாதி ஒருத்தி அந்த ஜன்னலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை இவளிடம் அனுப்பினாள். உணவு இடைவேளைகளில் விதிப் புத்தகத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாள். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு மனுக்கள் சேர்ந்தன. அதற்கும் மூன்று வருடம் கழித்து விதியைத் திருத்தக் குழு போட்டபோது, பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக அவள் பெயரையே எழுதினார் இணைச் செயலாளர்.

இதில் சந்தோஷப்படாதவள் நாத்தனார் ஒருத்திதான். கணவனின் அக்கா, இவளோடுதான் இருக்கிறாள், மகளை வளர்த்தவள். கூட்டத்துக்கு முந்தின நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் இவள் செருப்பு மாட்டும்போது, "என் தம்பிய காகிதத்துல கொன்னுட்டு வந்துடாத" என்றாள். இவளுக்கும் அந்தப் பயம்தான். ஒன்பது வருடமாகியும், ஏழு முடிந்ததும் வாங்கியிருக்கக்கூடிய சான்றிதழை அவள் போய்க் கேட்டதில்லை.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஏழு வருடம் அதிகம், மூன்றாக்கலாம் என்றார் ஒருவர். இரண்டு என்றார் இன்னொருவர். நீதிபதி இவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எத்தனை வருஷம் பார்க்கலாம்?"

"எதுக்குங்க ஐயா பார்க்கணும்? கூட இருக்குறவங்க கையெழுத்து போட்டா போதும்னு எழுதுங்க. இல்லாதவங்க எங்க, என்ன ஆனாங்கன்னு ஜன்னல்ல கேட்கவே வேணாம்."

"நாளைக்கே அவர் வந்து நின்னு, என்னைக் கேட்காம எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டா?"

தினமும் வாசலைப் பார்க்கிறவளிடம் அதைக் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வரட்டுங்க ஐயா. வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். எங்க வீட்டுக்காரருக்காக நான் எத்தனை வருஷம் வேணாலும் காத்திருப்பேன். என் பொண்ணோட கண்ணு காத்திருக்கல."

ஒருவர் பேனாவை மூடித் திறந்தார். நீதிபதி எழுத்தரிடம், வருடம் என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார்.

அதற்குப் பிறகும் கோப்பு நாலு மேஜை சுற்றி, இரண்டு முறை திரும்பி வந்து, அரசாணையாக ஒன்றரை வருடம் ஆயிற்று. ஆணையின் நகல் வந்த அன்று மாலை நாத்தனார் அதைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இறந்தவர், மறைந்தவர் என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "சாப்பிட வா" என்றாள்.

மறு வாரம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் கண் மருத்துவமனைக்குப் போனாள். மூன்றாம் எண் ஜன்னலில் இப்போது வேறொருவர், இளைஞர். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதங்கள். மனைவி போய்விட்டாள் என்று தணிந்த குரலில் ஆரம்பித்தவரை இளைஞர் தடுத்து, படிவத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். அவர் குழந்தையை நழுவவிடாமல் குனிந்து கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. பதினெட்டாம் தேதி வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொன்னார்கள்.

"அவ்வளவுதாங்க."

அவர் நகரவில்லை. உறையைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்து எதைக் கேட்பார்கள் என்று ஜன்னலையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.