இரண்டாவது மணி

தம்பிக்குக் கடைசியாகப் போட்டுவிட வேண்டிய சட்டையை அக்கா தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. மணி சரியாக எட்டு. எட்டிப் பார்த்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. திரையில் தம்பியின் எண். தம்பியோ பக்கத்து அறையில் பெஞ்சின் மேல் கிடக்கிறான். உயிர் போய் ஒரு நாள் ஆகப்போகிறது.

கருகிய வாடை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். வெள்ளைச் சட்டையின் பையோரம் பழுப்பாக ஒரு முக்கோணம். இருபது வருஷமாகத் தையல்காரி. ஊரார் துணியில் ஒரு பொட்டுக் கருகல் விழவிட்டதில்லை. விழுந்தது பார், இந்தச் சட்டையில் போய்.

பஸ் மெக்கானிக்கான அவள் கணவர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்று அடித்தது இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கும், சிக்னல் கோளாறு என்று சொல்லிவிட்டு நாற்காலி போடப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் ஒரு சீப்பு, ஒரு பெல்ட், ஒற்றைச் செருப்பு. போன் இல்லை. ஆனால் அவளைக் குடைந்தது அதுகூட இல்லை. தினம் இரண்டு தடவை அடிக்கும். இன்றைக்கு ஏன் ஒன்றுதான் அடித்தது? செத்தவன் போனிலிருந்து மணி வந்ததே பெரிது, இதில் இன்னொன்று எங்கே என்று கேட்கிறதே இந்தப் பாழும் மனசு என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்று வருஷக் கதை அது. போதை ஊசி போட்டுப் போட்டுத்தான் தம்பிக்கு எச்.ஐ.வி. வந்தது. ஊசியை விடப் பார்த்தான், விட்டான், பிடித்தான், மறுபடி விட்டான். கிளினிக் நர்ஸம்மா அவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கெட்டியாகச் சொல்லியிருந்தாள். ஊசி போட்ட நாளானாலும் போடாத நாளானாலும் மாத்திரை மட்டும் தவறக்கூடாது, தினம் அதே நேரம், முழுங்கினதும் யாராவது ஒருத்தருக்குச் சொல்லு என்றாள். அவன் அக்காவைச் சொன்னான். மாமா வீட்டுக்குள் விடமாட்டார், அதனால் போன். எட்டு மணிக்கு அவன் ஒரு மணி அடித்து வைப்பான். பதிலுக்கு இவளும் ஒன்று அடித்து வைப்பாள். எட்டேகால் வரைக்கும் வராவிட்டால் கூப்பிட்டு, காதில் ரத்தம் வருகிற மாதிரித் திட்டுவாள்.

ஆறேழு மாசம் கழித்து இரண்டாவது மணி வர ஆரம்பித்தது. போதையில் மறந்துபோய் இரண்டு தடவை முழுங்கித் தொலைக்கிறானோ என்று பயந்து உடனே கூப்பிட்டாள். கேட்டதற்குச் சிரித்தான்.

"ஒண்ணுதான்க்கா முழுங்கறேன். ரெண்டாவது வேற."

"வேறன்னா?"

"சும்மாக்கா. அடிச்சா எடுத்துக்கயேன், காசா பணமா?"

அதோடு விட்டுவிட்டாள். இப்போது, விட்டது தப்போ என்று தோன்றியது. உண்மையில் முழுங்கினானா, இல்லை மணியை மட்டும் அடித்துவிட்டு மாத்திரையைச் சாக்கடையில் போட்டானா? வாசலில் வந்து உட்கார்ந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த நோய்தான் கொண்டுபோய்விட்டது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அப்படியானால் மூன்று வருஷமாகத் தினம் எட்டு மணிக்கு அவள் யாரிடம் ஏமாந்துகொண்டிருந்தாள்?

பத்து மணிக்கு நர்ஸம்மா வந்தாள். அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள் அக்கா.

"மாத்திர போட்டானா இல்லையா? உண்மையச் சொல்லுங்க. நான் தாங்கிப்பேன்."

"ஒரு நாள் தவறலம்மா. போன மாசம் ரத்தம் பாத்தோம், கிருமி இருக்கற எடமே தெரியல. இவன மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்லன்னு சொன்னேன்." நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நோய் இல்லம்மா. ஊசி. ரெண்டு மாசமா விட்டிருந்தான். நேத்து பழைய அளவையே போட்டிருக்கான். ஒடம்பு தாங்கல."

அவன் ஏமாற்றவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்பாடா என்று நினைத்த மறு நொடி, என்ன அப்பாடா வேண்டிக்கிடக்கிறது என்று நெஞ்சில் அறைந்தது. இத்தனை ஒழுங்காக மாத்திரை முழுங்கத் தெரிந்தவனுக்கு இது ஏன் தெரியாமல் போனது? சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் அவள் அடுப்பில் காலிப் பாத்திரத்தை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். காலையில் போன் வந்ததைச் சொன்னபோது நர்ஸம்மாவின் முகம் மாறியது. அதை நான் சொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லி, ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

எதிர்ச்சாரியில் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். தம்பியின் கூட்டாளி, அவனோடு ஒரே அறையில் இருந்தவன். ஆள் ஒல்லியாக இருக்கிற இருப்புக்கு ஆணி என்று பெயர். அக்கா தெருவைக் கடந்து போனாள். அவள் கேட்பதற்கு முன்பே அவன் தம்பியின் போனை நீட்டினான்.

"ரெண்டாவது நாந்தான்க்கா. எனக்கும் அதே மாத்திர. சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. எங்கக்கா ஒனக்கும் சேத்துக் கேட்டுக்கும்டான்னு அவன்தான் அடிச்சு விடுவான். நேத்து மாத்திர வாங்கணும், கிளினிக்லேர்ந்து கூப்பிட்டா எடுன்னு போனக் குடுத்து என்னைக் கிளினிக்குக்கு அனுப்பினான். நான் வரிசைல நின்னேன். வந்து பாத்தா..." அவன் சைக்கிள் மணியின் மூடியைத் தடவினான். "இன்னிக்கு அடிக்க வேணாம்னுதான் நெனச்சேன். முழுங்கினதும் கை தானாப் போயிடுச்சு."

இவன் வரிசையில் நிற்காமல் அறையிலேயே இருந்திருந்தால் என்று நினைத்ததும் அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வேறு சட்டை போடலாம் என்றார் கணவர். அவள் கேட்கவில்லை. கருகல் தெரியாதபடி தம்பியின் கையை மடித்து அதன்மேல் வைத்தாள். பதினொன்றுக்கு வண்டி வந்தது, போயிற்று.

மறுநாள் காலை தைக்க உட்கார்ந்தாள். துணி ஓடியது, கண் ஓடவில்லை. மேஜை இழுப்பறையில் அவள் போனும் தம்பி போனும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஆணிக்கு இனிமேல் எதிலிருந்து அடிப்பது என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டேகால் வரை பார்த்துவிட்டுத் திட்டலாம் என்றால், அவனை எந்த எண்ணில் கூப்பிடுவது? என்ன காரியம் செய்தோம் என்று எழுந்தவள் எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

எட்டு அடித்தபோது தெருவில் சைக்கிள் மணி ஒரு தடவை ஒலித்தது.

கையிலிருந்த கத்தரிக்கோலால் அவள் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள். சைக்கிள் நகர்ந்து போகிற சத்தம் கேட்டது. தெருமுனை தாண்டி அது தேய்ந்து மறைந்த பிறகும், தையல் மெஷினின் மிதிக்கட்டையில் காலை வைத்தபடி, அவள் இன்னொரு மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.